ரிடண்டன்சி: ‘பணியிட ஒழிப்பு’ சரிவருமா?

வணக்கம். ரிடண்டன்சி (redundancy) என்றால், ஊழியர்மேல் தப்பு எதுவும் இல்லாமல், அவர் பார்த்த வேலையே தேவையில்லாமல் போவதால் வேலை போவது. அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறேன், நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் கீழே.

> ‘ஆட்குறைப்பு’ இருக்கும்போது ரிடண்டன்சிக்குப் புதுச்சொல் எதற்கு?

செய்தி எழுத அது போதும், ஐயா. நான் கேட்பது பிரிட்டனில் வேலை வழக்குகளுக்கான தீர்ப்பாயத்துக்குப் போகிறவர்களுக்கான தமிழ்க் குறிப்புக்கு. அங்கே 1996-ஆம் ஆண்டு வேலை உரிமைச் சட்டப்படி ரிடண்டன்சி மூன்று வகையில் வரும். நிறுவனமே மூடப்படலாம், வேலைசெய்த கிளை மூடப்படலாம், அந்த வகை வேலைக்கு ஆள் தேவை குறையலாம். கடையையே இழுத்து மூடினால் அதில் ‘குறைப்பு’ எங்கே வந்தது?

‘பணிநீக்கம்’ வேண்டவே வேண்டாம். ஓர் அம்மாவுக்கு வந்த கடிதத்தை அப்படித்தான் தமிழில் சொன்னேன். “நான் என்ன தப்புச் செய்தேன்?” என்று கலங்கிப்போய்க் கேட்டார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை, அவர் பார்த்த வேலைதான் இல்லாமல் போயிருந்தது. அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை உறுத்துகிறது. கணினித் துறையில் இதே ஆங்கிலச் சொல்லுக்கு வழங்கும் ‘மிகைமை’யும் ஆளைப் பார்த்து ‘நீ மிச்சம்’ என்பதுபோல் இருக்கிறது.

அதனால் ‘பணியிட ஒழிப்பு’ என்கிறேன். பணியிடம் என்றால் பதவியும்தான், வேலைசெய்யும் இடமும்தான். இங்கே அந்த இரட்டைப் பொருள் நமக்கு உதவி, சட்டத்தில் இரண்டும் அடக்கம்.

> ரிடண்டன்சியில் தரும் பணத்துக்குப் ‘பணிக்கொடை’ எனலாமே?

அது கொடை இல்லையே! இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலைசெய்தவருக்குச் சட்டம் தரும் உரிமை. 22 வயதுக்குள் உழைத்த ஆண்டுக்கு அரை வாரச் சம்பளம், 22 முதல் 40 வரை ஒரு வாரம், 41-இலிருந்து ஒன்றரை வாரம். 10 ஆண்டு வேலைபார்த்த 45 வயதுக்காரருக்கு 12 வாரச் சம்பளம் வரும் (வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு). ‘இழப்பீடு’ம் குழப்பும். முறையற்ற வேலைநீக்கத்துக்குக் கிடைப்பதற்கு அந்தச் சொல் வேண்டும், இரண்டு கோரிக்கையும் ஒரே தீர்ப்பாயப் படிவத்தில் வரலாம்.

சம்பள பாக்கிக்குப் புதுச்சொல் தேவையில்லை. ஆனால் கொடுக்காமல் விட்ட சம்பளத்தையும் அந்த 1996 சட்டம் ‘பிடித்தம்’ என்றே எண்ணுகிறது. படிவத்தில் அந்தச் சொல்லைப் பார்த்து, நமக்கு இது பொருந்தாது என்று யாரும் விட்டுவிடக் கூடாது. குறிப்பில் ‘பிடித்தம் (தராத சம்பளமும் சேர்த்து)’ என்றே போடுவோம்.

அப்புறம், ஈழத்து நண்பர்கள் ‘கொடுப்பனவு’ என்பீர்கள். ‘தொகை’யைவிட அது எனக்குப் பிடித்திருக்கிறது, கொடுத்தே ஆக வேண்டியது என்ற தொனி இருக்கிறது. ‘பணியிட ஒழிப்புக் கொடுப்பனவு’ உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது?