டியூனரா, காதா? (முதல் கம்பியை அறுத்தவனின் கேள்வி)

ஆறுகம்பி: கிட்டார் வாங்கி எட்டு நாள்தான் ஆகிறது. டியூனர் (ஸ்ருதி காட்டும் கருவி) முள் அசையவே இல்லையே என்று முறுக்கிக்கொண்டே போனேன், முதல் கம்பி படீரென்று அறுந்து கையில் அடித்தது. அப்புறம்தான் பார்த்தேன்: மீட்டியது இரண்டாம் கம்பி, முறுக்கியது முதல் கம்பியின் திருகு. டியூனரை விட்டுக் காதால் பழகட்டுமா?

தம்புராப்பேரன்: தூக்கிப் போடுங்கள். காது வேலை செய்திருந்தால் அரைச் சுற்றிலேயே விஷயம் தெரிந்திருக்கும். ஆறாம் கம்பியை ஐந்தாம் ஃப்ரெட்டில் (கிட்டாரின் கழுத்தில் வரும் குறுக்குக் கட்டை) அழுத்தினால் ஐந்தாம் கம்பியின் ஒலி. இப்படியே ஒவ்வொன்றாகப் போகலாம், மூன்றாம் கம்பியில் மட்டும் நான்காம் ஃப்ரெட். எங்கள் வீட்டில் தம்புராவுக்கு யாரும் பேட்டரி போட்டதில்லை.

தேய்ந்தஃப்ரெட்: எலக்ட்ரானிக் தம்புரா வந்து எத்தனை வருடம் ஆகிறது ஐயா! எட்டு நாள் விரல் கம்பியைப் போட்டு நசுக்கும். நசுக்கினால் ஸ்ருதி ஏறும். அந்தப் பிசகு அடுத்த கம்பிக்கும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கும் போகும். கடைசியில் கம்பிகளைச் சேர்த்து மீட்டும் ஜி கார்டே (chord) அழும்.

தம்புராப்பேரன்: அதற்குத்தான் அலையைக் கேட்கச் சொல்கிறேன். ஆறாம் கம்பியில் அழுத்திய ஒலி 110 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 110 அதிர்வு), ஐந்தாம் கம்பி 108 என்று வையுங்கள். சேர்த்து மீட்டினால் நொடிக்கு இரண்டு தடவை 'வ்வாம் வ்வாம்' என்று ஏறி இறங்கும். நெருங்க நெருங்க மெதுவாகும், சேர்ந்ததும் நின்றுவிடும்.

தேய்ந்தஃப்ரெட்: 112 இருந்தாலும் அதே இரண்டு தடவைதானே? மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்று அலை சொல்லாது. புதுக்காது குழம்பி முறுக்கும், இன்னொரு கம்பி போகும்.

தம்புராப்பேரன்: முதலில் நன்றாகத் தளர்த்திவிட்டுக் கீழிருந்தே ஏற்றட்டும், குழப்பம் எங்கே? எப்படியும் கீழிருந்து ஏற்றினால்தான் திருகில் தொய்வு தங்காது.

தேய்ந்தஃப்ரெட்: சரி, இது உங்களுக்கு. ஆனால் தொடங்கும் கம்பியே தப்பாக இருந்தால்? எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகும், பாட்டோடு வாசித்தால் ஒட்டாது. ஒரு கம்பிக்காவது டியூனர் வேண்டும்.

ஆறுகம்பி: ஐந்தாம் கம்பியை மட்டும் டியூனரில் 110-க்கு வைத்துவிட்டு மற்றதைக் காதால் பார்த்தேன். ஆறாம் கம்பியில் அலை நின்றபோது உடம்பே சிலிர்த்தது! இரண்டாம் கம்பியில்தான் சொதப்பல். மூன்றாவதை ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தியிருக்கிறேன்.

தேய்ந்தஃப்ரெட்: நான்காம் ஃப்ரெட்! முதல் கம்பி பத்திரமா?

ஆறுகம்பி: அதை இன்னும் வாங்கவே இல்லை.

தம்புராப்பேரன்: அதுவரை பெயரை ஐந்துகம்பி என்று மாற்றிக்கொள்ளுங்கள்.