பால்மாவு மெலமைன் ஸ்ட்ரிப்: அந்தப் ‘பத்து மடங்கு’ எங்கே சார்?

பிப்பெட்வாலா:
நேற்று இங்கே ஒருவர் எழுதியது இது: “செல்போனில் செருகும் மின்வேதி ஸ்ட்ரிப். குழந்தைப் பால்மாவைக் கரைத்து ஒரு சொட்டு விட்டால் புரதம் கூடுதலாகத் தெரியப் பாலில் கலப்படம் செய்யும் மெலமைன் 30 நொடியில் தெரிந்துவிடும். ஸ்ட்ரிப் கண்டறியும் எல்லை 0.1 பிபிஎம், கோடெக்ஸ் வரம்பு 1 பிபிஎம். ஆக, தேவையைவிடப் பத்து மடங்கு நுட்பம்.” அதற்கு லைக் மழை வேறு.

பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் சொல்லும் 1 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 1 மி.கி., மாவுக்கான வரம்பு. ஸ்ட்ரிப்பின் 0.1 கரைசலுக்கு. 1 கிராம் மாவை 10 மி.லி. ஆக்கினால், சரியாக வரம்பில் நிற்கும் மாவு கரைசலில் 0.1தான் காட்டும். பத்து மடங்கு எங்கே? தண்ணீரில் கரைத்துக் குடித்தாயிற்றா?

மின்முனை77:
எழுதியது நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், பழக்கம்தானே. 10 மி.லி. ஊற்றச் சொன்னது யார்? புட்டிப் பாலே 30 மி.லி. தண்ணீருக்கு ஒரு கரண்டி, அதாவது சுமார் 4.4 கிராம். ஏறக்குறைய 13 சதவீதக் கரைசல். வரம்பிலிருக்கும் மாவு அதில் 0.13 காட்டும். 0.1ஐத் தாண்டுகிறதா இல்லையா?

பிப்பெட்வாலா:
தாண்டுகிறது, 1.3 மடங்கு. பத்து எங்கே?

அந்த 0.1 என்ன கணக்கு என்றும் சொல்லிவிடுங்கள். மெலமைனே இல்லாத வெற்று மாதிரியைத் திரும்பத் திரும்ப அளந்தால் வரும் ஏற்ற இறக்கத்தை, அதாவது திட்டவிலக்கத்தை, மூன்றால் பெருக்கியது. “ஏதோ இருக்கிறது” என்று சொல்ல அது போதும். “இவ்வளவு இருக்கிறது” என்று எழுதப் பத்தால் பெருக்க வேண்டும், கரைசலில் 0.33 வரும். உங்கள் 13 சதவீதத்தால் வகுத்தால் மாவில் 2.5 பிபிஎம். அதற்குக் கீழே உங்கள் செயலி காட்டும் எண் ஜோசியம்.

தரக்கட்டுப்பாடு:
நடுவில் ஒன்று. 2012இல் கோடெக்ஸ் திரவக் குழந்தைப் பாலுக்குத் தனியாக 0.15 மி.கி. வரம்பு வைத்தது. மாவின் 1 மி.கி.யைக் கரைத்தால் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கும். ஒப்பிடுவதென்றால் இந்த 0.15ஐ வைத்து ஒப்பிடுங்கள், ரெண்டு பேரும்.

மின்முனை77:
நன்றி மேடம். 0.15 வரம்பு, 0.1 எல்லை. நான் சொன்னது சரிதான்.

பிப்பெட்வாலா:
மேடம் சொன்னது நான் சொன்னதைத்தான். ஒன்றரை மடங்கு. பதிவில் இருப்பது பத்து. திருத்துங்கள்.

தங்கத்துகள்:
இந்தச் சண்டைக்கு மின்முனையே வேண்டாம். சிட்ரேட் பூசிய 13 நானோமீட்டர் தங்கத்துகள் போதும். சிவப்புக் கரைசல், ஒளி உறிஞ்சலின் உச்சம் 520 நானோமீட்டரில். மெலமைனின் அமினோ தொகுதிகள் சிட்ரேட்டைத் தள்ளிவிட்டுத் தங்கத்தில் ஒட்டும். துகள்கள் திரண்டு நீலமாகும், 650 பக்கம் உறிஞ்சல் ஏறும். இரண்டு அலைநீளத்தின் விகிதத்தைப் போட்டால் அளவு வந்துவிடும். செல்போன் கேமராவே போதும்.

பிப்பெட்வாலா:
வாங்க. யூரியா இழையில் பாதியில் காணாமல் போனவர்தானே நீங்கள்?

தங்கம் மெலமைனுக்கு மட்டுமா திரளும்? உப்புக்கும் திரளும். பால்புரதமான கேசினைத் திரித்து அடியில் வீழ்த்த டிரைகுளோரோஅசெட்டிக் அமிலம் விட்டிருப்பீர்கள். அந்த அமிலம் மிச்சமிருந்தால் சிட்ரேட் தன் மின்சுமையை இழந்து, மெலமைன் துளியும் இல்லாமலே நீலம் வரும். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு நடுநிலையாக்கினால் உப்பு கூடும், மறுபடி நீலம். சுத்தமான மாவே “கலப்படம்” என்று காட்டும்.

தங்கத்துகள்:
அமிலம் விட்டேன் என்று நான் எங்கே எழுதினேன்? அசெட்டோநைட்ரைலில் வீழ்த்தி, சுழற்றி, மேல்நீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டுத் தண்ணீரில் பத்து மடங்கு நீர்த்தால் உப்புத் தொல்லை இல்லை.

பிப்பெட்வாலா:
இன்னொரு பத்து மடங்கு! 0.13 இப்போது 0.013. இந்த இழையில் எல்லாருக்கும் பத்து கிடைக்கிறது, மெலமைனுக்குத்தான் குறைந்துகொண்டே போகிறது.

மின்முனை77:
தங்கம் கிடக்கட்டும். என் ஸ்ட்ரிப்பில் இருப்பது மெலமைன் அச்சு பதித்த பாலிமர். ஆர்த்தோ-பினைலீன்டையமீனை மெலமைனோடு சேர்த்துக் கார்பன் மின்முனையில் மின்பாலிமராக்கி, பிறகு மெலமைனைக் கழுவி எடுத்தால் அதன் அளவில் குழி நிற்கும். மெலமைன் வந்து உட்கார்ந்தால், மின்னோட்டம் தரும் ஃபெர்ரிசயனைடு உள்ளே போக வழி அடைபடும், மின்னோட்டம் குறையும். பக்கத்திலேயே அச்சு பதிக்காத மின்முனை ஒன்று. இரண்டின் வித்தியாசம்தான் விடை. கேசின் ஒட்டினாலும் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டும், கழித்தால் போய்விடும்.

பிப்பெட்வாலா:
ஒரே மாதிரி ஒட்டும் என்று கேசினிடம் எழுதி வாங்கினீர்களா? ஒரே தாளில் அச்சான ஸ்ட்ரிப்களின் பரப்பே சில சதவீதம் மாறும். 0.13 பிபிஎம்முக்கு வரும் மின்னோட்டக் குறைவும் அதே சில சதவீதம்தான். ஒரு சத்தத்திலிருந்து இன்னொரு சத்தத்தைக் கழித்தால் இசை வராது.

வைட்டமின் சி? ஒரு கிலோ குழந்தைப் பால்மாவில் அது பல நூறு மி.கி. இருக்கும். அதாவது வரம்பிலுள்ள மெலமைனைப் போலப் பல நூறு மடங்கு. அஸ்கார்பேட் ஃபெர்ரிசயனைடை ஒடுக்கி மின்னோட்டத்தை ஏற்றும். கேசின் இறக்கும், வைட்டமின் சி ஏற்றும். முதலாவதால் பொய்யான “உண்டு”, இரண்டாவதால் பொய்யான “இல்லை”. இரண்டாவதில் போவது குழந்தையின் சிறுநீரகம்.

மின்முனை77:
மாதிரியை 10 நிமிடம் ஊறவிட்டு, ஸ்ட்ரிப்பைக் கழுவி, அப்புறம்தான் சுத்தமான ஃபெர்ரிசயனைடு விட்டு அளப்பது. வைட்டமின் சி கழுவிய தண்ணீரோடு போய்விடும். இதுகூடத் தெரியாமலா இங்கே மணிக்கணக்காக எழுதுகிறீர்கள்?

பிப்பெட்வாலா:
30 நொடி இப்போது 10 நிமிடமும் ஒரு கழுவலும் ஆயிற்று. எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். குழியில் உட்கார்ந்த மெலமைனில் கழுவும்போது எவ்வளவு போகும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பத்து மடங்கு இன்னும் வரவில்லை.

மின்முனை77:
சரி, 2008 சீனக் கலப்படத்துக்கு வருவோம். சான்லு நிறுவனத்தின் மாவில் சீன அரசுச் சோதனையில் கிடைத்த உச்ச அளவு கிலோவுக்கு 2,563 மி.கி. உங்கள் 1 பிபிஎம் அல்ல! புரதம் என்று நைட்ரஜனை எண்ணும் கெல்டால் சோதனையை ஏமாற்றவே மெலமைனைக் கலந்தார்கள். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன், 6.25ஆல் பெருக்கினால் 1 கிராம் மெலமைன் 4 கிராமுக்கு மேல் போலிப் புரதம். ஏமாற்றி லாபம் பார்க்க நூற்றுக்கணக்கில் கலக்க வேண்டும். அந்த அளவை என் ஸ்ட்ரிப் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கும். சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டபோது உங்கள் ஆய்வகங்கள் எங்கே இருந்தன?

பிப்பெட்வாலா:
அப்படியானால் “100 பிபிஎம்முக்கு மேல் இருந்தால் அலறும் ஸ்ட்ரிப்” என்று விற்றுவிட்டுப் போங்கள். கோடெக்ஸ் வரம்பை எதற்குப் பக்கத்தில் ஒட்டினீர்கள்?

தரக்கட்டுப்பாடு:
அலறும் ஸ்ட்ரிப்புக்கும் இடம் உண்டு. பால் இறங்கும் தளத்தில் டேங்கரைத் திருப்பி அனுப்ப அது போதும். வீட்டில் தாய் கையில் கொடுப்பதுதான் சிக்கல்.

மின்முனை77:
உங்கள் தெய்வமான ஆய்வக முறையையும் பார்ப்போம். மெலமைனை அளக்கும் சீனத் தரம் ஜிபி/டி 22388-2008. அதில், கரைசலிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி முறையின் அளவிடும் எல்லை கிலோவுக்கு 2 மி.கி. குழந்தைப் பால்மாவின் வரம்பு 1 மி.கி. வரம்பையே எட்டாத முறையை வைத்துக்கொண்டு எனக்குப் பாடமா?

பிப்பெட்வாலா:
அதே தரத்தில் அடுத்த முறையைப் படிக்காமல் மூடிவிட்டீர்கள். பிரித்தபின் மூலக்கூறை உடைத்து நிறை பார்க்கும் எல்சி-எம்எஸ்/எம்எஸ், அளவிடும் எல்லை 0.01 மி.கி. உடையும் முன் தாய் அயனியின் நிறை 127, உடைந்த துண்டுகள் 85, 68. இரண்டும் சரியான விகிதத்தில் வந்தால்தான் மெலமைன். ஹெச்பிஎல்சிக்கே 2 கிராம் மாவு, 15 மி.லி. அமிலக் கரைசல், 5 மி.லி. அசெட்டோநைட்ரைல், அதன்பின் நேரயனிப் பரிமாற்றக் குப்பி. பிஎச் 5க்குக் கீழே மெலமைன் நேர்மின்சுமை ஏற்றுக் குப்பியில் பிடிபடும், தண்ணீராலும் மெத்தனாலாலும் கழுவலாம், அமோனியா கலந்த மெத்தனாலில் இறங்கும். இத்தனைக்குப் பிறகும் அவர்கள் 2 என்றுதான் எழுதினார்கள். நீங்கள் சொட்டு விட்டுப் பத்து மடங்கு என்கிறீர்கள்.

தங்கத்துகள்:
அந்தக் குப்பியில் இறக்கியதை உலர்த்தித் தண்ணீரில் எடுத்தால் தங்கத்துக்கும் சுத்தமான மாதிரி கிடைக்கும் என்பதை யாரும் கவனிக்கவில்லை போல.

பிப்பெட்வாலா:
அமோனியா மிச்சமிருந்தால்?

சும்மா_வந்தவன்:
ஈயத்தையும் இதே ஸ்ட்ரிப்பில் பார்க்கலாமா? பிஸ்மத் படலம் போட்டு.

மின்முனை77:
தாராளமாக. -1.2 வோல்ட்டில் ஈயத்தைப் படியவைத்து மின்னழுத்தத்தை மேலே ஏற்றினால் -0.5 பக்கம் ஈயத்தின் மின்னோட்ட உச்சி எழும்.

பிப்பெட்வாலா:
ஈயம் கேசினைப் பிடித்துக்கொண்டு இருக்கும். நைட்ரிக் அமிலம் விட்டு நுண்ணலையில் சூடாக்கிக் கேசினைச் சிதைக்காமல் சும்மா கரைத்து வைத்தால் உச்சி எழாது. கோடெக்ஸ் வரம்பு, குடிக்கத் தயாரான பாலில், கிலோவுக்கு 0.01 மி.கி. தாய் சமையலறையில் நைட்ரிக் அமிலம் காய்ச்சப் போகிறாளா?

மின்முனை77:
வீட்டில் என்று நான் எப்போது சொன்னேன்?

பிப்பெட்வாலா:
உங்கள் பதிவின் படத்திலேயே புட்டி இருக்கிறது, நிப்பிளோடு.

மின்முனை77:
படம் போட்டது நான் இல்லை, வடிவமைப்பாளர். பிஸ்மத்தைப் பற்றிப் பேசுவதானால் பேசுங்கள்.