எந்தக் காதில் கேட்கிறது?

குழு: நம்ம வீட்டு ஆட்கள்

அக்கா (இரவு 11:42): யாராவது விழித்திருக்கிறீர்களா? குட்டி காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். படுக்கும்போது நன்றாகத்தான் இருந்தான்.

அம்மா (11:43): எண்ணெயை லேசாகச் சூடு பண்ணி இரண்டு சொட்டு விடு. உங்கள் இரண்டு பேருக்கும் அப்படித்தான் செய்தேன்.

சித்தி (11:44): விடாதே! உன் அம்மா கோபித்துக்கொண்டாலும் சரி. காதுக்குள் இருக்கும் ஜவ்வில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேரே உள்ளே போய்விடும். ஓட்டை இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்து உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சித்தி (11:44): சளி இருக்கிறதா? காய்ச்சல்?

அக்கா (11:45): மூன்று நாளாக மூக்கு ஒழுகுகிறது. காய்ச்சல் இப்போது 101.

சித்தி (11:46): காது மடலை மெதுவாக இழுத்துப் பார். அப்புறம் காது ஓட்டைக்கு முன்னால் சின்ன மூடி மாதிரி இருக்குமே, அதை ஒரு விரலால் அமுக்கு. கத்துகிறானா?

அக்கா (11:49): இல்லை. இழுத்தாலும் அமுக்கினாலும் பேசாமல் இருக்கிறான். “உள்ளே, உள்ளே” என்றுதான் சொல்கிறான்.

சித்தி (11:52): அப்படியானால் நடுக்காதாகத்தான் இருக்கும். வெளிக்காதில் புண் என்றால் தொட்டாலே துள்ளிவிடுவான். மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. குழந்தைகளுக்கு அது குட்டை, கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் இருக்கும். சளி பிடித்தால் அடைத்துக்கொள்ளும். உள்ளே நீர் சேர்ந்து ஜவ்வை அழுத்தும். படுத்தால் வலி கூடும். அதனால்தான் இந்த நேரம் பார்த்து எழுப்பிவிடுகிறது.

சித்தி (11:53): அவன் எடை எவ்வளவு? வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று பார். 125ம் உண்டு, 250ம் உண்டு. இந்த இடத்தில்தான் எல்லோரும் தப்பு பண்ணுவார்கள்.

அக்கா (11:55): 16 கிலோ. பாட்டிலில் 250 என்று போட்டிருக்கிறது.

சித்தி (11:57): கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 240. அதாவது 4.8 மில்லி, 5 மில்லியைவிடக் கொஞ்சம் குறைவாகக் கொடு. அடுத்த வேளைக்கு நான்கு மணி நேரமாவது ஆகவேண்டும், ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் கூடாது. தலையணையை உயர்த்திச் சாய்ந்தாற்போல் படுக்க வை.

அக்கா (11:58): ஆன்டிபயாடிக் வேண்டாமா?

சித்தி (இரவு 12:01): இந்த வயதில் பெரும்பாலும் மூன்று நாளில் தானாகவே அடங்கும். சீழ் வந்தால், இரண்டு வயதுக்குள் இரண்டு காதும் வலித்தால், ஆறு மாதத்துக்கும் குறைந்த குழந்தை என்றால் கதை வேறு. இப்போது ஒன்று மட்டும் பார். காதுக்குப் பின்னால் எலும்பு மேல் சிவந்து வீங்கியிருக்கிறதா? ஒரு காது மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறதா?

அக்கா (12:03): டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

சித்தி (12:04): சரி. வீக்கம் வந்தாலோ, எழுப்பினால் எழும்பாமல் துவண்டாலோ அந்த நிமிடமே கிளம்பிவிடு. இல்லையென்றால் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

நான் (12:06): எல்லோரும் விழித்திருப்பதால் கேட்கிறேன். எனக்கு மெட்ராஸ் ஐ வந்திருக்கிறது. ரூமில் யாரோ விட்டுப்போன சொட்டு மருந்து இருக்கிறது, போடலாமா?

அம்மா (12:06): இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்லவில்லை?

சித்தி (12:07): பாட்டிலில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது, படி.

நான் (12:09): ஏதோ ஒரு ஆன்டிபயாடிக், கூட டெக்ஸாமெத்தசோன்.

சித்தி (12:12): குப்பையில் போடு. அது ஸ்டீராய்டு. சாதாரண மெட்ராஸ் ஐ என்றால் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் தானே போய்விடும். அதுவே ஹெர்பிஸ் வைரஸால் சிவந்த கண்ணாக இருந்தால், இந்த மருந்து கருவிழிப் புண்ணை இன்னும் பெரிதாக்கிவிடும். பாட்டில் திறந்தே ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும், அது வேறு.

சித்தி (12:13): வெளிச்சம் பட்டால் கண் கூசி வலிக்கிறதா? பீளையைத் துடைத்த பிறகும் மங்கலாகத் தெரிகிறதா? லென்ஸ் போடுகிறாயா?

நான் (12:14): மூன்றுமே இல்லை. உறுத்தல், தண்ணீர், காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

சித்தி (12:15): கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துத் துடை. துண்டு, தலையணை உறை தனி. கறுப்புக் கண்ணாடி உனக்குக் கூச்சம் தெரியாமல் இருக்கத்தான். பார்த்தால் ஒட்டாது, கண்ணைத் தொட்ட கையால்தான் ஒட்டும். போய்த் தூங்கு.

அக்கா (காலை 6:18): சித்தி! தலையணையில் மஞ்சளாக ஈரம். காதிலிருந்து வந்திருக்கிறது. ஆனால் வலி சுத்தமாக இல்லை என்று சிரிக்கிறான்!

சித்தி (6:21): பயப்படாதே. அழுத்தம் தாங்காமல் ஜவ்வில் சின்ன ஓட்டை விழுந்து நீர் வெளியே வந்துவிட்டது. அதனால்தான் வலி போயிற்று. பெரும்பாலும் சில வாரத்தில் அந்த ஓட்டை மூடிக்கொள்ளும். ஆனால் சீழ் வந்துவிட்டதால் இன்றே டாக்டரிடம் காட்டவேண்டும், மருந்து எழுதுவார். காதுக்குள் பஞ்சைத் திணிக்காதே, வெளியே வழிவதை மட்டும் துடை. குளிக்கும்போது தண்ணீர் போகவிடாதே.

அம்மா (6:24): நல்லவேளை எண்ணெய் விடவில்லை.

சித்தி (6:24): 😊

மாமா (6:50): ராத்திரி இவ்வளவு நடந்திருக்கிறதா? எனக்கும் வலது காது அடைப்புதான். வலியெல்லாம் இல்லை. அழுக்கு. பட்ஸ் போட்டுக் குடைந்தேன், ஒன்றும் வரவில்லை.

அத்தை (6:51): பட்ஸ் வேண்டாம் என்று நேற்றே தலைதலையாக அடித்துக்கொண்டேன்.

சித்தி (6:52): அண்ணா, எப்போதிலிருந்து?

மாமா (6:53): முந்தாநாள் காலையில் எழுந்தபோது அடைத்திருந்தது. நீ குழந்தையைக் கவனி, எனக்கு அவசரமில்லை. காதில் ‘கொய்ங்’ என்று ஒரு சத்தம், அது மட்டும்தான் தொல்லை.

சித்தி (6:54): சளி பிடித்திருந்ததா? குளிக்கும்போது தண்ணீர் போனதா?

மாமா (6:55): இரண்டும் இல்லை. படுக்கும்போது சரியாக இருந்தது, எழுந்தபோது இல்லை.

சித்தி (6:57): வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்ம்’ என்று நீளமாக ராகம் இழுங்கள். அந்தச் சத்தம் எந்தக் காதில் பலமாகக் கேட்கிறது?

மாமா (6:58): இது என்ன, காலையிலேயே பாட்டு வகுப்பா?

சித்தி (6:58): அண்ணா, விளையாட்டு இல்லை. செய்யுங்கள்.

மாமா (7:00): இடது காதில்தான் கேட்கிறது. நல்ல காதில். அதுதானே சரி?

சித்தி (7:04): சரியில்லை. உங்கள் விரலால் இடது காதை அடைத்துக்கொண்டு ஒருமுறை ‘ம்ம்’ சொல்லிப் பாருங்கள், அடைத்த காதில்தான் பலமாகக் கேட்கும். அழுக்கோ நீரோ அடைத்திருந்தால் அப்படித்தான் இருக்கும், உங்களுக்கும் வலது பக்கம்தான் கேட்டிருக்கும். சத்தம் நல்ல காதுக்குப் போகிறது என்றால் அடைப்பு இல்லை, உள்காதோ நரம்போ படுத்துவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். திடீர்க் காது கேளாமை. நான் வார்டில் இருந்தபோது இதை “அழுக்குதான்” என்று ஒரு மாதம் வைத்திருந்து வருவார்கள். பார்க்கவே வயிறு எரியும். ஸ்டீராய்டு மருந்து முதல் சில நாளில் தொடங்கினால்தான் பலன், இரண்டு வாரம் தாண்டினால் அநேகமாகக் கை நழுவிவிடும்.

அம்மா (7:05): ராத்திரி ஸ்டீராய்டைக் குப்பையில் போடச் சொன்னாயே?

சித்தி (7:07): அது யாரும் பார்க்காமல் கண்ணில் விடுவது. இது பரிசோதித்துவிட்டு டாக்டர் கொடுப்பது. அண்ணி, இன்றே கூட்டிப்போங்கள். “காது அடைப்பு” என்று சொல்லாதீர்கள், அழுக்கு எடுக்கும் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். “முந்தாநாள் காலையில் திடீரென்று ஒரு காது கேட்கவில்லை” என்று சொல்லுங்கள். எவ்வளவு கேட்கிறது என்று அளக்க ஆடியோகிராம் எடுப்பார்கள். சர்க்கரை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இந்த மருந்து சர்க்கரையை ஏற்றும்.

மாமா (7:09): நாளைக்கு ஒரு வேலை இருக்கிறது, அதை முடித்துவிட்டு...

அத்தை (7:09): செருப்பு போட்டாயிற்று. வாருங்கள்.

அம்மா (காலை 10:30): எனக்குத் தொண்டை கரகரப்பு. பழைய ஆன்டிபயாடிக் நான்கு மாத்திரை இருக்கிறது. கேட்டுவிட்டே போடலாம் என்று நினைத்தேன்.

சித்தி (10:41): இருமல், மூக்கு ஒழுகல் கூட இருந்தால் பெரும்பாலும் வைரஸ், அந்த மாத்திரை வேலை செய்யாது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. இருமலே இல்லாமல் காய்ச்சல், கழுத்தில் நெறி, உள்நாக்குப் பக்கத்தில் வெள்ளைத் திட்டு என்றால் சொல். எச்சில் விழுங்க முடியாவிட்டால் என்னைக் கேட்காதே, நேரே ஆஸ்பத்திரி.

அக்கா (மதியம் 1:15): குட்டிக்கு ஏழு நாள் மருந்து. ஆறு வாரம் கழித்து ஜவ்வைப் பார்க்க வரச் சொன்னார்கள்.

அத்தை (மாலை 5:40): இப்போதுதான் வந்தோம். காதில் துளி அழுக்கு இல்லையாம். ஆடியோகிராமில் வலது பக்கக் கோடு அப்படியே கீழே விழுந்திருக்கிறது. மாத்திரை தொடங்கியாயிற்று. முழுசாகத் திரும்புமா என்றேன், சிலருக்குத் திரும்பும், சிலருக்குப் பாதிதான், முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார்.

சித்தி (5:48): உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். சர்க்கரையைத் தினமும் பாருங்கள் அண்ணி. மாத்திரையை அவராக நிறுத்தக்கூடாது.

நான் (5:50): என் கண்ணை யாரும் கேட்கவே இல்லை.

சித்தி (5:51): துண்டு தனியா?

நான் (5:51): தனி.

ஒன்பது நாள் கழித்து

மாமா (காலை 6:12): தினமும் பல் தேய்த்துவிட்டு ‘ம்ம்ம்’ சொல்லிப் பார்க்கிறேன். இத்தனை நாள் இடது பக்கமே கேட்டது. இன்றைக்கு நடுமண்டையில் கேட்கிறது.

சித்தி (6:13): இன்னொரு தடவை சொல்லிப் பாருங்கள்.

மாமா (6:14): நடுவில்தான்.

சித்தி (6:14): அண்ணா, போனை வலது காதில் வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிடுகிறேன்.