‘ஆதன்’ என்ற பெயருக்குப் பொருள் என்ன?

அல்சூர்வாசி:
ஆண் குழந்தைக்கு ‘ஆதன்’ என்று வைக்க எண்ணம். இணையத்தில் ஒருவர் சூரியன் என்கிறார், இன்னொருவர் ஆன்மா என்கிறார். எது சரி? பெங்களூரில் பதிவு, கன்னடத்தில் எப்படி எழுதச் சொல்வது?

ஏட்டுப்பூச்சி:
சூரியனை விட்டுவிடுங்கள். அது ஆதவன், ‘ஆதபம்’ என்ற வடசொல்வழி வந்தது. ஆன்மா என்ற பொருளை அகராதிகள் தருவது உண்மைதான். ஆனால் பழைய சான்றுகளில் ஆதன் வெறும் ஆள் பெயர், அவ்வளவே. கீழடிப் பானை ஓட்டில் பழைய தமிழ் எழுத்தான தமிழியில் கீறியிருக்கிறது. கரூர்ப் பக்கம் புகலூர்க் கல்வெட்டில் ‘கோ ஆதன் செல்லிரும்பொறை’ வருகிறான். பதிற்றுப்பத்தின் 7ஆம் பத்தில் கபிலர் பாடிய சேர மன்னன் செல்வக் கடுங்கோ வாழியாதன் இவனே என்பது கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் கருத்து. ‘நெடுஞ்சேரலாதன்’ என்ற சேர மன்னன் பெயருக்குள் இருப்பதும் இதே ஆதன். ஐங்குறுநூற்றின் முதல் பத்துப் பாட்டும் ‘வாழி ஆதன் வாழி அவினி’ என்றே தொடங்கும்.

புள்ளிமயங்கி:
பிசிராந்தையாரை விட்டுவிட்டீர்களே! ஆதன் + தந்தை = ஆந்தை. தொல்காப்பியம் புள்ளிமயங்கியலில் விதி இருக்கிறது. ‘தந்தை’யின் முதல் த் போய் ‘அந்தை’ நிற்கும். பெயரின் ‘அன்’ கெடும். சாத்தன் + தந்தை சாத்தந்தை ஆவது இப்படித்தான். ஆதனுக்கும் பூதனுக்கும் மட்டும் ஒரு படி கூடுதல்: மிஞ்சிய த் என்ற ஒற்றும் அதையடுத்த அகரமும் சேர்ந்து கெடும். ஆந்தை, பூந்தை. பிசிர் ஊர்ப்பெயர். ஆக, இந்தப் பெயரை வைத்தால் இலக்கணப்படி நீங்கள் ஆந்தை. இரவில் விழித்திருக்கப் போவதும் நீங்கள்தானே.

அல்சூர்வாசி:
வீட்டில் ஒரு பெரியவர் ‘ஆதன் என்றால் அறிவிலி’ என்கிறாரே?

ஏட்டுப்பூச்சி:
அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ‘ஆதர்’ என்றால் அறிவில்லாதவர், குருடர் என்று பொருள் உண்டு. அதற்காகச் சேர மன்னர்களின் பெயரை ஒதுக்க வேண்டியதில்லை. புறநானூறு 71இல் பூதப்பாண்டியன் தன் நண்பர்களை அடுக்கும்போது ஆந்தையும் வருகிறான், ஆதன் அழிசியும் வருகிறான். அங்கே இழிவு ஏது?

பதிவுக்காரர்:
கன்னடத்தில் கடைசி எழுத்துக்குப் புள்ளிக்கு ஈடான குறி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ‘ஆதன’ ஆகிவிடும். ‘னு’ என்று முடித்தாலோ ‘ஆனான்’ என்ற வினைச்சொல்! நடுவில் மூச்சை அழுத்திச் சொல்லும் வல்லொலித் தகரம் (ಧ) வேண்டாம், சாதாரண ‘த’ (ದ) போதும். ஆங்கிலத்தில் முதலில் இரண்டு ஏ, பிறகு டி, எச், ஏ, என் (Aadhan). ‘எச்’ இல்லாவிட்டால் ‘ஆடன்’ என்பார்கள். டிக்குப் (D) பதில் டீ (T), எச் போட்டால் ‘அத்தான்’ ஆகிவிடும். ஆங்கில எழுத்திலிருந்து கணினி தானாகக் கன்னடத்துக்கு மாற்றினால் வல்லொலித் தகரம்தான் விழும், அதைத் திருத்தச் சொல்லுங்கள். முடிவாகாவிட்டால் அவசரம் வேண்டாம்: பிறப்பை மட்டும் 21 நாளுக்குள் பதிந்துவிட்டு, பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடு.