பதில்: ஒரிஜினல் சீல், ஆஃப்டர்மார்க்கெட் சீல் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். கார் உதிரிபாகங்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சில் ஓர் உறுப்பினர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ஒரிஜினல் = அசல் பாகம், ஆஃப்டர்மார்க்கெட் = பின்சந்தைப் பாகம். இத்தோடு முடித்துக்கொள்ளலாமா?

முடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். "அசல்" என்பதுதான் எனக்கு இடிக்கிறது. பொருள்களைப் பற்றிப் பேசும்போது தமிழில் அசலுக்கு எதிரே நிற்பது போலி. கார் நிறுவனத்தின் பெட்டியில் வரும் ஆயில் சீலை (தண்டைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மட்டும் அசல் என்று எழுதிவிட்டால், மற்றதெல்லாம் டூப்ளிகேட் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். அது உண்மையில்லை, கார் வைத்திருப்பவருக்குக் காசும் வீண்.

கார் நிறுவனங்கள் பொதுவாக ஆயில் சீலைத் தாங்களே செய்வதில்லை. ஜப்பானின் என்ஓகே, ஜெர்மனியின் ஃப்ராய்டன்பெர்க் போன்றவர்களிடம் வாங்குகின்றன. அதே ஃப்ராய்டன்பெர்க், கோர்டெகோ என்ற பெயரில் கடைகளுக்கும் சீல் விற்கிறது. இதை மனதில் வைத்துத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் கொண்டுவந்த 1400-ஆம் எண் ஒழுங்குவிதியில், கார் நிறுவனம் தந்த அளவுகளின்படியும் தரத்தின்படியும் செய்யப்படும் பாகம் யார் பெட்டியில் வந்தாலும் "ஒரிஜினல்" என்று வரையறுத்தார்கள். "இணையான தரமுள்ள பாகம்" என்று இன்னொரு வகையையும் தனியே வைத்தார்கள். இந்தியாவிலும், உதிரிபாகங்கள் வெளி ஒர்க்‌ஷாப்களுக்குத் தாராளமாகக் கிடைக்கவிடாமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நாம் வைக்கும் சொல்லும் இந்த வழக்கில் ஒரு பக்கம் சாயும் என்பதை மறக்கக்கூடாது.

எனவே இரண்டு சொல் போதாது. என் முன்மொழிவு:

நிறுவனப் பாகம் – கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவது. மெக்கானிக்குகள் ஏற்கெனவே "கம்பெனி ஐட்டம்" என்கிறார்கள். அதையே தமிழாக்கினால் போதும்.

முதற்பொருத்தப் பாகம் – கார் தொழிற்சாலையில் முதலில் பொருத்தியதைச் செய்தவரே தன் பெயரில் விற்பது.

வெளிச்சந்தைப் பாகம் – வேறு தயாரிப்பாளர் தன் சொந்தப் பெயரில் நேர்மையாகச் செய்து விற்பது.

போலி – பிறர் பெயரையும் பெட்டியையும் திருடியது. இதற்குப் புதுச்சொல் வேண்டாம்.

"பின்சந்தை" ஏன் வேண்டாம்? பின்வாசல் வியாபாரம் போலக் காதில் விழுகிறது. "வெளிச்சந்தை" நம் வாயில் பழகிய சொல். ரேஷன் அரிசி, வெளிச்சந்தை அரிசி என்று சொல்லும்போது இரண்டாவதை யாரும் கள்ள அரிசி என்று நினைப்பதில்லை.

இந்தப் பெயர்களில் எதுவுமே தரத்துக்கு உத்தரவாதம் ஆகாது என்பதும் வரையறையில் இருக்கவேண்டும். சீலின் ஆயுளை முதலில் தீர்மானிப்பது ரப்பர். நைட்ரைல் ரப்பர் சுமார் 100 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் தொடர்ந்து சூடேறினால் இறுகி, சீலின் உதடு (தண்டைத் தொட்டு நிற்கும் மெல்லிய விளிம்பு) வெடிக்கும். அக்ரிலிக் ரப்பர் சுமார் 150 வரை தாங்கும், ஃப்ளூரோ ரப்பர் 200 வரை. வால்வ் சீல் (வால்வ் தண்டில் இருப்பது), கிராங்க் பின்சீல் (எஞ்சினின் முதன்மைச் சுழல் தண்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில் இருப்பது) போன்ற சூடான இடங்களில் ஃப்ளூரோ ரப்பர் கேட்கும் எஞ்சினுக்கு, அளவு சரியாக இருக்கிறது என்று நைட்ரைல் சீலைப் போட்டால் போட்ட அன்று கசியாது, பிறகு கசியும். நிறத்தை வைத்து ரப்பரைக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆகவே கலைச்சொல் பட்டியலில் "சீல் உதடு", "இறுக்குச்சுருள்" (உதட்டைச் சுற்றியிருக்கும் சிறு ஸ்பிரிங்), "ரப்பர் வகை" மூன்றும் இடம்பெற வேண்டும்.

எதை வாங்குவது என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். கிராங்க் பின்சீலை மாற்றக் கியர்பாக்ஸையே இறக்கவேண்டும். கூலியோடு பார்த்தால் சீல் விலை ஒன்றுமே இல்லை. அங்கே நிறுவனப் பாகம் அல்லது முதற்பொருத்தப் பாகம் மட்டும்தான் என்பது என் உறுதியான கருத்து. டைமிங் பெல்ட் பக்கச் சீல்களும் அப்படியே, ஆயில் பட்டால் பெல்ட் கெடும். வால்வ் கவர் கேஸ்கெட் (எஞ்சின் மேல்மூடிக்கு அடியில் வைக்கும் தடுப்பு) மேலேயே இருக்கிறது, மாற்றுவது எளிது. நல்ல வெளிச்சந்தைப் பாகம் தாராளமாகப் போடலாம். தண்டில் பழைய சீலின் உதடு உரசிப் பள்ளம் போட்டிருந்தால் எந்தப் பெட்டியிலிருந்து வந்த புதுச் சீலும் கசியக்கூடும். டெஃப்லான் உதடு உள்ள சீல்களைப் பெரும்பாலும் ஆயில் தடவாமல் உலர்வாகப் பொருத்தச் சொல்கிறார்கள். பெட்டியில் உள்ள குறிப்பைப் படிக்காமல் பழக்கத்தில் ஆயில் தடவிவிட்டு, "வெளிச்சந்தைச் சரக்கு அப்படித்தான்" என்று பழி போடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

> சீல் = முத்திரை என்று அகராதியில் இருக்கிறதே?

அது அரக்கு முத்திரை ஐயா. "எண்ணெய் முத்திரை" என்று இணையத்தில் பரவியிருப்பதை நாமாவது நிறுத்துவோம். "அடைப்பான்" என்பதும் முழுதாகப் பொருந்தவில்லை. வால்வ் சீல் ஆயிலை முழுக்க அடைத்தால் வால்வ் தண்டு காய்ந்து தேயும்; கொஞ்சம் விட்டு மீதியைத் தடுப்பதே அதன் வேலை. "கசிவணை" என்று வைக்கலாமா? அணையும் தேவையான நீரை விட்டுத்தானே மிச்சத்தைத் தேக்குகிறது. பேச்சில் "சீல்" இருக்கட்டும், பாடநூலுக்குக் கசிவணை.

"முதற்பொருத்தம்" கல்யாணப் பொருத்தத்தை நினைவூட்டுகிறது என்று யாருக்காவது தோன்றினால் "முதலிணைப்பு" என்பதையும் பரிசீலிக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்யும் உறுப்பினர்கள் இரண்டையும் சொல்லிப் பார்த்து, எது நாவில் நிற்கிறது என்று எழுதுங்கள்.