அமெரிக்கக் கல்லூரியில் பாடம் எடுக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு: வகுப்பில் தொந்தரவு வந்தால்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் புதிதாக பிஎச்டி சேர்ந்தவர்களிடமிருந்து போன் வர ஆரம்பிக்கும். வீடு, வங்கிக் கணக்கு, சிம் கார்டு எல்லாம் பேசி முடித்த பிறகு, தயங்கித் தயங்கி ஒன்று கேட்பார்கள். "அண்ணா, டிஏ வேலை குடுத்திருக்காங்க. இந்த ஊர்ப் பசங்க நம்ம பேச்சைக் கேப்பாங்களா?" டிஏ என்றால் டீச்சிங் அசிஸ்டன்ட், படித்துக்கொண்டே கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் வேலை. வீடு தேடுவது பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இதைப் பற்றி நான் எழுதுகிறேன். மிட்வெஸ்டில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் டிஏவாக கால்குலஸ் எடுத்தேன். இப்போது வேறொரு கல்லூரியில் அதுவே முழுநேர வேலை. நான் சொல்வதெல்லாம் அமெரிக்காவுக்குத்தான். ஜெர்மனிக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போனவர்கள் அங்கே இருக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். முதல் செமஸ்டர், மூன்றாவது வாரம், காலை எட்டு மணி வகுப்பு. முப்பது பேர். கடைசி வரிசையில் இரண்டு பையன்கள். நான் பலகைப் பக்கம் திரும்பினால் பேச்சும் சிரிப்பும் கேட்கும், வகுப்பைப் பார்த்தால் அடங்கும். மூன்றாவது தடவை மார்க்கரை மேசைமேல் வைத்துவிட்டு இருவரையும் பார்த்து "கெட் அவுட்" என்றேன். நான் படித்த கல்லூரியில் இது தினமும் நடப்பது. பையன் வராண்டாவில் நிற்பான், சாயங்காலம் ஸ்டாஃப் ரூம் வாசலில் "சாரி சார்" என்பான், அத்தோடு சரி. இங்கே ஒருவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மற்றவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "இந்த வகுப்புக்குப் பணம் கட்டியிருக்கிறேன், போக மாட்டேன்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. முப்பது பேரும் என்னைப் பார்க்கிறார்கள். அடுத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மார்க்கரை எடுத்து மிச்சக் கணக்கைப் போட்டேன், கை நடுங்கியது.

மத்தியானமே கோர்ஸ் கோஆர்டினேட்டரிடமிருந்து இமெயில். வயதான அம்மா, இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பாடத்தை நடத்தியவர். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். இரண்டே கேள்வி கேட்டார். வகுப்பில் பேசுவது பற்றி முதல் நாள் என்ன சொன்னாய்? அந்தப் பையன்களிடம் இதற்கு முன் தனியாகப் பேசினாயா? இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. "அப்படியென்றால் அவர்களுக்கு இன்றைக்குத்தான் விதியும் தெரிந்தது, தண்டனையும் கிடைத்தது, அதுவும் எல்லார் முன்னாலும்" என்றார்.

இத்தனை வருடம் கழித்தும் நான் சொல்ல வருவது அதுதான். நம் ஊரில் 'சார்' என்ற சொல்லே பாதி வேலையைச் செய்துவிடும். இங்கே அது கிடையாது. முதல் நாள் எழுத்தில் கொடுத்த சிலபஸ் (இங்கே அதில் பாடத்தோடு வகுப்பு விதிகளும் இருக்கும்), தனியாகக் கூப்பிட்டு நிதானமாகப் பேசுவது, அதற்கும் மேலே போனால் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் நடைமுறை. உங்கள் பலம் முழுக்க இவற்றில்தான் இருக்கிறது. சத்தம் போட்டீர்கள் என்றால் அந்தப் பலம் உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

அதற்கு முன்னால், எது தொந்தரவு என்பதில் நமக்கே ஒரு தெளிவு வேண்டும். முதல் வாரம் பார்ப்பதெல்லாம் நமக்கு அவமரியாதையாகவே தெரியும். முன் நாற்காலியில் கால் நீட்டி உட்காருவான். ஒருத்தி பர்கர் சாப்பிட்டுக்கொண்டே குறிப்பெடுப்பாள். கேட்காமலே எழுந்து பாத்ரூம் போவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இதில் எதுவும் உங்களை மட்டம் தட்டுவதற்காகச் செய்வதில்லை. அவர்கள் பள்ளியில் பழகியது அப்படி. நான் எனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு இதனால் பாடம் காதில் விழாமல் போகிறதா? இல்லையென்றால் விட்டுவிடுவேன். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே பை ஜிப் இழுக்கும் சத்தம் வரிசையாகக் கேட்கும், அதுதான் எனக்கு ரொம்ப நாள் வலித்தது. இப்போது அடுத்த க்விஸ்ஸுக்கு எது முக்கியம் என்பதைக் கடைசி மூன்று நிமிடத்தில்தான் சொல்கிறேன். ஜிப் சத்தம் நின்றுவிட்டது.

பாடம் கெடுகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் முதலில் கால்களைப் பயன்படுத்துங்கள். நம்மில் பலர் பலகையோடு ஒட்டிக்கொண்டு பலகைக்கே பாடம் நடத்துகிறோம். பேசிக்கொண்டே கடைசி வரிசைக்கு நடந்து போய், அந்த இரண்டு பேர் பக்கத்தில் நின்றபடி அடுத்த வரியைச் சொல்லுங்கள். அவர்களைப் பார்க்கக்கூட வேண்டாம். பத்தில் எட்டுத் தடவை அதிலேயே அடங்கிவிடும். இல்லையென்றால் மூன்று மூன்று பேராகப் பிரித்து ஒரு கணக்கைக் கொடுங்கள், சேர்ந்து உட்கார்ந்தவர்கள் தானாகப் பிரிவார்கள்.

அதிலும் சரியாகவில்லையா, வகுப்பு முடிந்ததும் "ஒரு நிமிஷம் இருக்க முடியுமா?" என்று கேளுங்கள். அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லாதீர்கள், நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "இன்றைக்கு மூன்று தடவை பேச்சுச் சத்தத்தால் நான் நிறுத்த வேண்டி வந்தது. என்ன விஷயம்?" அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். காத்திருப்பதுதான் கஷ்டம், நமக்கு அறிவுரை நாக்கு நுனியில் நிற்கும். போக மாட்டேன் என்ற அந்தப் பையனிடம் கோஆர்டினேட்டர் சொன்னபடி இப்படித்தான் பேசினேன். கொஞ்ச நேரம் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது வாரத்திலிருந்தே ஒன்றும் புரியவில்லை, பக்கத்தில் இருப்பவனிடம் கேட்க ஆரம்பித்து அது அரட்டையாகிவிடுகிறது என்றான். பள்ளியில் டிரிக்னாமெட்ரி ஒழுங்காகப் படித்திருக்கவில்லை. ஆஃபீஸ் ஹவர்ஸுக்கு, அதாவது மாணவர்கள் வந்து சந்தேகம் கேட்க நாம் ஒதுக்கும் நேரத்துக்கு, ஐந்தாறு தடவை வந்தான். கடைசியில் சி வாங்கினான். அந்தக் கிரேடு வந்த அன்று எனக்கு நன்றி சொல்லி இமெயில் அனுப்பினான்.

உச்சரிப்பு பற்றிப் பயப்படாத தமிழரை நான் பார்த்ததில்லை. 1992-ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் ரூபின் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஓர் அமெரிக்கப் பெண் பேசிப் பதிவு செய்த ஒரே பாடத்தை இரண்டு மாணவர் குழுக்களுக்குப் போட்டுக் காட்டினார். ஒரு குழுவுக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், இன்னொரு குழுவுக்கு ஆசியப் பெண்ணின் படம். குரல் ஒன்றுதான். ஆனால் ஆசிய முகத்தைப் பார்த்துக் கேட்டவர்களுக்குப் பாடம் குறைவாகவே மனதில் நின்றது. அதனால் "புரியவில்லை" என்ற புகார் முழுவதும் உங்கள் நாக்கின் குற்றம் என்று நினைத்துக் குன்றிப் போகாதீர்கள். அதற்காக நம் பக்கம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். "எனி டவுட்ஸ்?" என்றால் இங்கே 'சந்தேகப்படுகிறாயா' என்கிற மாதிரி விழும், "கொஸ்டியன்ஸ்?" என்று கேளுங்கள். கடைசி ஆங்கில எழுத்து இங்கே 'ஜெட்' கிடையாது, 'ஜீ'. அழிப்பானை ரப்பர் என்று சொல்லவே சொல்லாதீர்கள், அது இங்கே ஆணுறைக்குச் சொல்லும் பெயர், வகுப்பு பத்து நிமிடத்துக்கு அடங்காது. நாம் தலையை ஆட்டினால் ஆமாமா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியாது, வாயால் சொல்லிவிடுங்கள். முதல் நாளே, "என் பேச்சு பழக ஒரு வாரம் ஆகும், புரியாத சொல்லுக்குக் கை தூக்குங்கள், பலகையில் எழுதுகிறேன்" என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீரும்.

யாராவது உங்களை மாதிரியே பேசிக் காட்டினால் முகம் மாறாமல், "எந்தச் சொல் புரியவில்லை?" என்று கேட்டு, அதைப் பலகையில் எழுதிவிட்டு மேலே போங்கள். மறுபடி செய்தால் தனியாகப் பேசுங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் துறைத்தலைவருக்கு எழுதுங்கள். பிறந்த ஊரை வைத்து ஒருவரைத் தொடர்ந்து கேலி செய்வதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு பொறுத்துப் போக வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

மார்க் சண்டை, செமஸ்டர் நடுவில் வரும் மிட்டெர்ம் பரீட்சை முடிந்ததும் வரும். என் சிலபஸில் ஒரு வரி உண்டு: தாள் கையில் கிடைத்து 24 மணி நேரம் கழித்துத்தான் மார்க் பற்றிப் பேசலாம், அதுவும் எழுத்தில். சூடு ஆற அந்த ஒரு ராத்திரி போதும். ஆஃபீஸ் கதவை எப்போதும் திறந்தே வையுங்கள். மாணவர் குரலை உயர்த்தினால், "இன்றைக்கு இதோடு நிறுத்துவோம், நாளைக்கு இமெயிலில் எழுது" என்று சொல்லி எழுந்துவிடுங்கள். அவர் போகவில்லை என்றால் நீங்கள் வெளியே போங்கள், அதில் மானம் போய்விடாது. வகுப்பில் தொல்லை கொடுத்தான் என்பதற்காகத் தாளில் மார்க்கைக் குறைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். சிலபஸில் இல்லாத காரணத்துக்குக் குறைத்தால் அவன் மேல்முறையீடு செய்வான், நியாயமும் அவன் பக்கம்தான் இருக்கும்.

"அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்பது இங்கே நடக்காது. 1974-ல் வந்த ஃபெர்பா என்ற சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் படிப்பு விவரம் அவருக்கே உரியது. அவர் சம்மதம் இல்லாமல் நீங்களாகப் பெற்றோரிடம் மார்க், வருகை எதையும் பேசக்கூடாது. பெயர் போட்டு மார்க் பட்டியல் ஒட்டவும் கூடாது. எப்போதாவது ஓர் அம்மாவோ அப்பாவோ நேராகப் போன் செய்வார்கள். "மன்னிக்கவும், உங்கள் பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளுங்கள்" என்று பணிவாகச் சொல்லி, துறை அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, ஊரில் பலர் கேள்விப்பட்டிராதது. செமஸ்டர் தொடக்கத்தில் சில மாணவர்களுக்கு மாற்றுத்திறன் அலுவலகத்திலிருந்து உங்களுக்குக் கடிதம் வரும். பரீட்சைக்குக் கூடுதல் நேரம், பாடத்தைப் பதிவு செய்ய அனுமதி, நடுவில் எழுந்து போக அனுமதி என்று இருக்கும். 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் இதற்குப் பின்னால் இருக்கிறது. என்ன நோய் என்று கேட்காதீர்கள். "உனக்கு மட்டும்" என்று வகுப்பில் வாய் தவறியும் சொல்லாதீர்கள். தன்னை அறியாமல் திடீர் திடீரென்று சத்தம் எழுப்பும் டூரெட் குறைபாடு உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். கடிதங்களைப் படிக்காமல் போய் அப்படி ஒரு பிள்ளையை அதட்டிவிட்டால் அந்த வருத்தம் உங்களை விடாது.

மீறிப் போகும் நிலைமைக்கு வருகிறேன். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு மாணவரை அன்றைய வகுப்பிலிருந்து வெளியேறச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அடுத்த வகுப்புக்கும் வராதே என்று சொல்ல உங்களால் முடியாது. அதற்கு, மாணவர் விவகாரங்களைக் கவனிக்கும் டீன் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் அலுவலகம் இருக்கிறது. வெளியேற மறுத்து மிரட்டினால் மல்லுக்கு நிற்காதீர்கள், தொடாதீர்கள். வகுப்பை முடித்து எல்லாரையும் அனுப்பிவிட்டு வளாகப் போலீஸைக் கூப்பிடுங்கள். அன்று சாயங்காலமே எழுதி வையுங்கள்: தேதி, நேரம், அவர் சொன்ன சொல் அப்படியே, நீங்கள் சொன்னது, யார் யார் இருந்தார்கள். "திமிராக நடந்தான்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "மேசையைக் கையால் இரண்டு முறை அடித்தான்" என்று எழுதுங்கள். புகார் கொடுத்தால் விசாவுக்கு ஆபத்து வருமோ என்று சிலர் வாயைத் திறப்பதில்லை. வகுப்பில் நடந்ததை மேலே தெரிவிப்பது உங்களுக்குக் கொடுத்த வேலையில் ஒரு பகுதி, பயப்படாமல் சொல்லுங்கள்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். அவர்களில் ஒருவர் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன், கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து போனவர். நீரியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது வகுப்பறையிலேயே உயிர் போனது. அந்த மாணவனைப் பற்றி 2005-லேயே ஆங்கிலத் துறையில் கவலை இருந்தது. கவிஞர் நிக்கி ஜொவானி அவனைத் தன் வகுப்பிலிருந்து மாற்ற வைத்தார். துறைத்தலைவராக இருந்த லூசிண்டா ராய் அவனுக்குத் தனியாகப் பாடம் நடத்தினார், மற்ற அலுவலகங்களுக்கும் தெரியப்படுத்தினார். ஆளுக்கொரு துண்டுத் தகவல் இருந்தும் அவை ஒன்றாகச் சேரவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஃபெர்பாவைத் தவறாகப் புரிந்துகொண்டு வாயை மூடியிருந்ததும் ஒரு காரணம். உயிருக்கு ஆபத்து என்றால் உரியவர்களிடம் சொல்ல அந்தச் சட்டமே இடம் கொடுக்கிறது. அதற்குப் பிறகுதான் நிறையப் பல்கலைக்கழகங்களில், கவலை தரும் மாணவர்களைப் பற்றிச் சொல்லத் தனிக் குழுக்கள் வந்தன. 'கேர் டீம்' மாதிரி ஒரு பெயரில் உங்கள் பல்கலைக்கழக இணையதளத்திலும் இருக்கும். தண்டிப்பதற்காக மட்டும் அந்தக் குழு இல்லை. எழுதும் கட்டுரையில் சாவைப் பற்றியே எழுதும் பிள்ளைக்கு, திடீரென்று வராமல் போன பிள்ளைக்கு உதவி போய்ச் சேருவதும் அதன் வழியாகத்தான்.

தங்கைகளுக்கு ஒன்று. உடை, உடம்பு பற்றிப் பேசுவது, ராத்திரியில் மெசேஜ் அனுப்புவது, தனியாகச் சந்திக்கக் கேட்பது, இவற்றை முதல் தடவையே துறையில் யாரிடமாவது சொல்லிவிடுங்கள். கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்க 1972-ல் வந்த டைட்டில் நைன் சட்டத்தின்படி இதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கும். வாட்ஸ்அப் எண்ணை மாணவர்களுக்குக் கொடுக்காதீர்கள். என்னோடு படித்த ஒரு தோழி, ஒரு மாணவன் இப்படிக் கொடுத்த தொல்லையை ஒரு செமஸ்டர் முழுக்க யாரிடமும் சொல்லாமல் பொறுத்தாள். கடைசியில் சொன்னபோது ஒரே வாரத்தில் அந்தப் பையனை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். முன்பே சொல்லியிருக்கலாமே என்று அவளைவிட நான்தான் அதிகம் வருந்தினேன், ஏனென்றால் நான் பக்கத்து மேசையில்தான் இருந்தேன்.

வகுப்பு ஆரம்பிக்க இன்னும் பத்து நாள் இருக்கும். ஒரு சாயங்காலம் உங்கள் வகுப்பறைக்குப் போய், கடைசி வரிசையில் உட்கார்ந்து பலகை தெரிகிறதா என்று பாருங்கள். கதவுகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். வளாகப் போலீஸ் எண்ணைப் போனில் போட்டுவையுங்கள். கோஆர்டினேட்டரிடம் போன வருட சிலபஸைக் கேட்டு வாங்கி, வகுப்பு நடத்தை பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ஒன்றும் இல்லையென்றால் நான்கு வரி எழுதி, அவரிடம் காட்டிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து எழுதுவோம்.