புதுப்பிப்பு: இறக்கத்தில் ஓடினால் கால் கட்டைவிரல் நகம் கறுப்பது நின்றது

மருதமலை ரோட்டில் இறங்கும்போது ஷூ இடித்து நகம் கறுக்குதுன்னு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க. வேலை செய்தது ஈரோட்டு அண்ணா சொன்ன லேஸ் கட்டு.

இறக்கத்தில் கால் முன்னே வழுக்கி விரல் நுனி முட்டுது. குதிகாலைப் பிடித்து நிறுத்தினால் போதும். ஷூவின் மேலோரத்தில், கணுக்கால் பக்கம் பெரும்பாலும் ரெண்டு பக்கமும் கூடுதலாக ஒரு துளை இருக்கும். கடையில் கோர்க்காமலேதான் தருவாங்க. லேஸை அதே பக்கத்துத் துளைக்குள் வெளியிலிருந்து விட்டுச் சின்ன வளையம் விடுங்க. மறுபக்கமும் அப்படியே. ஒவ்வொரு முனையையும் எதிர்ப்பக்க வளையத்தில் நுழைச்சு, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் உட்கார வெச்சபிறகு, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்க.

எதிர்பாராதது ரெண்டு. வளையம் லேஸைத் தின்னுடுது, கொஞ்சம் நீளமான லேஸ் வாங்க வேண்டியதாச்சு. அப்புறம், எல்லாத் துளையையும் இறுக்கினா பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகுது. விரல் பக்கம் தளர்வாவே விடணும்.

சிலர் சொன்ன தடிச்ச சாக்ஸ் போட்டுப் பார்த்தேன், விரலுக்கு இருந்த இடத்தையும் அடைச்சதுதான் மிச்சம். பெரிய சைஸ் ஷூ வாங்கச் சொன்ன யோசனை எல்லாருக்கும் பொருந்தாது. நின்னு பார்க்கும்போது விரலுக்கு முன்னே கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இல்லேன்னா மட்டும் மாத்துங்க. அந்த இடம் இருக்கும்போதே இன்னும் பெரிசா வாங்கினா வழுக்கல் கூடும். அளவு பார்க்கச் சாயங்காலம் போங்க, அப்போ கால் சற்று வீங்கியிருக்கும்.

ஏற்கெனவே கறுத்த நகம் வளர்ந்து வெளியேறணும். கட்டைவிரலுக்கு ஒரு வருசத்துக்கு மேலேயும் ஆகலாம்.